மூன்று சத்திரம் வரை



நவம்பர் பிறந்தால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, தேர்வுக்காக ஜெபிக்கச் சொல்பவை. மீதிப் பாதி, போன தேர்வில் அரியர் விழுந்ததைச் சொல்பவை. இந்த மாதம் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் தங்கை எழுதியிருக்கிறாள். டிசம்பர் நடுவில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் அவளுக்கு லீவு. அவளோடு ஒரே ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த தோழிகள் இருவர் மதுரை லேடி டோக் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் வகுப்பு நடக்கிறது. அங்கே போய் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"லீவு விட்டா வீட்டுக்கு வாரதை விட்டுட்டு, இன்னொரு காலேஜ்ல போயி உனக்கு என்னட்டி சோலி? அவளுவதான் கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருவாளுவல்லா, அப்பப் பாத்துக்க" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்களாம். "நீங்களே சொல்லுங்க அக்கா" என்று கடிதத்தை முடித்திருக்கிறாள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பதில்: போய்வா.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நேரத்தில் லீவு விட்ட காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1978-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா போன்ற சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கைக்கே வந்தன. பின்னால் இன்னும் பல கல்லூரிகள் அந்த வழியில் வர, நாட்காட்டியும் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிட்டது. இன்று அண்ணா பல்கலைக்கழகத் தேர்வை எழுதி முடித்து ஒருத்தி பெட்டி கட்டும்போது, தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவள் அடுத்த செமஸ்டரின் முதல் அசைன்மென்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். இதில் ஒரு வசதி இருக்கிறது. தோழியை அவள் வகுப்புக்குப் போகிற நாளில், வாளியோடு குளியலறை வரிசையில் நிற்கிற காலையில் போய்ப் பார்க்கலாம். கிறிஸ்மஸுக்கு ஊரில் பார்க்கிற தோழி வேறு ஆள். கேரல் ரவுண்ட்ஸ், புதுத்துணி, கேக், பெரியம்மா வீடு, சித்தி வீடு என்று எல்லாரும் ஓட்டத்திலேயே இருப்பார்கள். ஆலய வாசலில் "எப்படி இருக்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லத்தான் நேரம் இருக்கும்.

நான் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். காலையில் சேப்பல், மாலையில் விடுதி ஜெபம், ஞாயிறு ஆராதனை என்று எல்லாம் மணியடித்து நடக்கும். நானோ என் தோழிகளோ இதற்காக ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டியதில்லை. எங்கள் ஊர் ஆலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடியவளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெண்கள் அங்கே அப்போது கொஞ்சம் பேர்தான். சேப்பல் கிடையாது, மணி அடித்துக் கூப்பிட ஆள் கிடையாது. பாவம், தனியாகக் கிடக்கிறாள், போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் கிளம்பினேன். அப்பா விடுதிக் காப்பாளருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தார். கட்டபொம்மன் பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து சேரன் பஸ்ஸில் கோயம்புத்தூர். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு, பாதி வழியிலேயே பாதி காலி.

போய் இறங்கியபோது அவள் அறையில் இல்லை. வயலில் செய்முறை வகுப்பு. முழங்கால் சேற்றோடு வந்தாள், நகக்கண்ணெல்லாம் மண். ஊரில் ஆலயத்துக்கு வரும்போது ஹேர்பின்னைக்கூட நிறம் பார்த்துக் குத்துகிறவள். கை கழுவியதும் முதலில் கேட்டது, "முறுக்கு எங்க?"

சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய ஜெபக்குழு கூடியது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி. இந்தப் பக்கம் பெண்கள், கொஞ்சம் தள்ளி ஆண்கள், எல்லாம் சேர்த்தே ஒரு பெஞ்சில் அடங்கிவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்று ஒன்று அமையவில்லை. மலையாளி சீனியர் ஒருவர் தம் பாட்டைப் பாட மற்றவர்கள் கைதட்டினார்கள். இவள் ஒரு கீர்த்தனை எடுத்தாள், அதற்கு அவர்கள் தட்டினார்கள். அப்புறம் ஜெபம். எங்கள் சபையில் பொது ஜெபம் ஏறெடுக்கச் சொன்னால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் இவள். அங்கே தானாகவே வாய்திறந்து ஜெபித்தாள். மெஸ்ஸில் சமைக்கிற அம்மாவின் கால் புண்ணைச் சொல்லி, வீட்டில் பணம் அனுப்ப முடியாமல் தவிக்கிற ஒரு வகுப்புத் தோழனைச் சொல்லி, யாருக்கு எப்போது வைவா என்பதுவரை சொல்லி ஜெபித்தாள். எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. என் விடுதியில் மெஸ்ஸில் சமைக்கிறவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவளுடைய அறைத்தோழி பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அலமாரிக் கதவில் முருகன் படம். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். விளக்கை அணைத்த பிறகு, "உங்க ஊருல இவ நல்லாப் பாடுவாளாமே, எங்ககிட்ட ஒருநாளும் பாடுனதில்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். இருட்டில் என் தோழி பாடினாள். முடிந்ததும் பக்கத்து அறையிலிருந்து யாரோ "இன்னொண்ணு" என்று கத்தினார்கள். அன்றைக்கு எத்தனை பாட்டு என்று நினைவில்லை, காப்பாளர் வந்து கதவைத் தட்டியது நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்து துவைத்தோம். அப்போதுதான் முதல் வருடத்தில் அவள் எத்தனை இரவு அழுதாள் என்று சொன்னாள். அதை அவள் எனக்குக் கடிதத்தில் எழுதியதே இல்லை. பல வருடம் கழித்து, பிள்ளைகள் பெற்றெடுத்து, தலையும் நரைத்த பிறகு, "அன்னைக்கு நீ வந்ததுல எனக்கு எது பெருசுன்னா, என் அழுக்குத் துணியோட சேர்ந்து நீயும் துவைச்சியே, அதுதான்" என்றாள். நான் தயாரித்துக்கொண்டு போன ஆறுதல் வசனங்களில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில் இல்லை!

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தை இந்த நினைவோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார். அவர் வருகிற சேதி கேட்டு ரோமிலிருந்த சகோதரர்கள் எதிர்கொண்டு வருகிறார்கள், சிலர் அப்பியுபுரம் வரை, சிலர் மூன்று சத்திரம் வரை. அப்பியுபுரம் ரோமிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மூன்று சத்திரம் 50 கிலோமீட்டர். எப்படிப் பார்த்தாலும் போக ஒரு நாளுக்கு மேல், வர ஒரு நாளுக்கு மேல். அவர்கள் என்ன பேசினார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று லூக்கா ஒன்றும் எழுதவில்லை. அவர்களைப் பார்த்ததும் பவுல் கடவுளுக்கு நன்றி சொன்னார், தைரியம் கொண்டார் என்பதோடு விட்டுவிடுகிறார். பவுலுக்கா தைரியம் குறைவு? சில அதிகாரங்களுக்கு முன்னால்தான் ஆளுநர்கள், அரசர் முன்னிலையில் நின்று வாதாடியிருக்கிறார். புயலில் சிக்கிய கப்பலில் அத்தனை பேருக்கும் தெம்பு சொன்னதும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கும் வழியில் நாலு தெரிந்த முகங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. எனக்குப் பிடித்த இன்னொன்று, எல்லாரும் ஒரே தூரம் வரவில்லை. முடிந்தவர்கள் அப்பியுபுரம் வரை வந்தார்கள், முடியாதவர்கள் மூன்று சத்திரத்தோடு நின்றார்கள். லூக்கா இரண்டு கூட்டத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டார்.

மதுரைக்குப் போகப்போகும் தங்கைக்கு இன்னொரு கதை. நீ போகிற கல்லூரியின் வேரைத் தேடினால், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வைக்கோற்போருக்குப் போய்ச் சேரலாம். 1806 ஆகஸ்டில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் திறந்தவெளியில் ஜெபிக்கப் போன இடத்தில் இடிமழை பிடித்துக்கொண்டது. வைக்கோற்போர் ஓரம் ஒதுங்கி ஜெபத்தை அங்கேயே முடித்தார்கள். அவர்களில் முன்னின்றவர் சாமுவேல் மில்ஸ். அந்த வட்டத்திலிருந்து வளர்ந்த ஆர்வம்தான் 1810-ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கமாயிற்று. ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-ல் இலங்கைக்கு வந்து, 1822-ல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். அடுத்த வருடம் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. 1834-ல் அந்த மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. 1881-ல் பசுமலையில் தொடங்கிப் பிறகு மதுரைக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரியும், 1948-ல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய லேடி டோக்கும் அந்த வழியில் வந்தவை.

இதில் நான் சொல்ல வந்தது மில்ஸின் ஒரு பயணத்தை. 1809-ல் வில்லியம்ஸில் படிப்பை முடித்தவர், யேல் கல்லூரிக்குப் போய்ச் சில மாதம் இருந்தார். அங்கே ஒபுக்கையா என்ற ஹவாய்த் தீவு இளைஞரைச் சந்தித்தார். போரில் பெற்றோரைப் பறிகொடுத்து, கப்பலேறி வந்தவர். தனக்குப் படிப்புச் சொல்லித்தர ஆளில்லையே என்று யேல் கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரை எட்வின் டுவைட் என்ற மாணவர் பார்த்துப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியிருந்தார். மில்ஸ் அவரைத் தம் அப்பா அம்மா வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒபுக்கையா ஊர் திரும்பாமலே 1818-ல் காய்ச்சலில் இறந்தார். அவர் கதையைக் கேட்டவர்கள்தான் மறுவருடம் ஹவாய்க்குக் கப்பலேறினார்கள். மில்ஸ் யேலுக்குப் போனது மிஷன் ஆர்வமுள்ள மாணவர்களைத் தேடி. அவருக்குக் கிடைத்தது படிக்கட்டில் அழுத ஒரு பிள்ளை. இன்னொரு கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இப்படித்தான் நடக்கும், யாரைப் பார்க்கப் போனோமோ அவர்களைத் தவிர இன்னொருவரும் அங்கே இருப்பார்.

சரி, போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. பெரும்பாலான பெண்கள் விடுதிகளில் வெளியார் இரவு தங்க அனுமதி கிடையாது. "என் தோழி பேசிக்கிறேன்னு சொன்னா" என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்காதீர்கள். மாட்டிக்கொள்வது உங்களைவிட அவளாகத்தான் இருக்கும். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை, வார்டனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. அனுமதி இல்லையென்றால் அந்த ஊரில் சபைக் குடும்பம் ஒன்றில் தங்கிக்கொண்டு பகலில் போய்வரலாம். இன்டர்னல் தேர்வு நடக்கிற வாரத்தில் போகவே வேண்டாம். மெஸ்ஸில் கெஸ்ட் டோக்கனுக்கு நீங்களே காசு கொடுங்கள். மாதக் கடைசியில் கைச்செலவுக்கு வைத்திருந்த இருநூறு ரூபாயை உங்கள் பிரியாணிக்குச் செலவழித்துவிட்டு, நீங்கள் போன பிறகு தேங்காய் பன்னோடு காலம் தள்ளுகிற தோழிகளை எனக்குத் தெரியும்.

அவர்களுடைய ஜெபக்கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள். சாட்சி சொல்லச் சொன்னால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். "எங்க காலேஜ்ல நாங்க நூறு பேர் கூடுவோம்" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் யாருக்கும் பக்திவிருத்தி உண்டாக்காது. அரசுக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இந்தக் குழுக்கள் மொட்டை மாடியிலோ ஒரு பேராசிரியர் வீட்டு வரவேற்பறையிலோதான் கூடுகின்றன. 1954-ல் தொடங்கிய யு.ஈ.எஸ்.ஐ. போன்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்புகளின் துணை இருந்தாலும், நாளுக்கு நாள் அதை இழுத்துக்கொண்டு போவது அந்த நாலைந்து பிள்ளைகள்தான். இந்த வருடம் இரண்டு பேர் படிப்பு முடித்துப் போய்விட்டால் அடுத்த வருடம் கூட்டமே இருக்குமா என்ற கவலை அவர்களுக்கு உண்டு. மணியடித்துக் கூப்பிடும் கல்லூரியிலிருந்து போகிறவர்கள் அதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு வாருங்கள்.

தோழி ஆர்.சி.யாக இருந்தால் ஞாயிறன்று அவளோடு திருப்பலிக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் போய் நிற்காமல் உங்கள் இடத்தில் இருங்கள். அவள் உங்கள் சபைக்கு வரும்போது அவளுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள். பெந்தெகொஸ்தே தோழியின் சபைக்குப் போனால் ஆராதனை எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். திரும்ப வரும் பஸ்ஸை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். அம்மா, உங்கள் பயத்தில் பாதி, பெண்பிள்ளை தனியாகப் போகிறாளே என்பது. அதற்கு வழி இருக்கிறது. நெல்லையிலிருந்து மதுரை மூன்று மணி நேரம்தான். பகல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், அந்தப் பக்கம் தோழி வந்து நிற்கட்டும். மீதிப் பாதியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வருடத்தில் அவள் வீட்டில் இருப்பதே கொஞ்ச நாள், அதிலும் மூன்று நாளை யாருக்கோ கொடுக்கச் சொல்கிறாளே என்பதுதானே? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான வருத்தம். தங்கையே, முதலில் வீட்டுக்குப் போ. இரண்டு நாள் அம்மா கையால் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உட்கார். அப்புறம் வியாழக்கிழமை கிளம்பி ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பு. அம்மா மனசு மாறாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை போடாதே; பொங்கல் லீவு இருக்கிறது.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் கல்லூரி விடுதியிலேயே இந்த லீவுக்கு ஊர் போகாதவர்கள் யார் என்று பாருங்கள். மிசோரம், நாகாலாந்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் நம் ஊர்க் கல்லூரிகளில் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து குவஹாத்திக்கே ரயிலில் இரண்டு நாளுக்கு மேல். அதன் பிறகு மலைப்பாதை. பத்து நாள் லீவில் அவர்கள் போய்த் திரும்ப முடியாது. ஊரெல்லாம் நட்சத்திரம் கட்டித் தூங்காமல் கொண்டாடுகிற சமூகத்திலிருந்து வந்தவர்கள், இங்கே காலி விடுதியில் மெஸ் மூடியிருக்கிற கிறிஸ்மஸைக் கழிக்கிறார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். மீன் குழம்பில் தேங்காயையும் காரத்தையும் மட்டும் அம்மாவிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

காலி விடுதி என்றதும் தாம்பரம் நினைவுக்கு வருகிறது. 1938-ல் உலக மிஷனரி மாநாடு சீனாவில் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் சீனாவின் மேல் போர் தொடுத்ததால் அங்கே நடத்த முடியவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி அந்த மாநாட்டுக்கு இடம் கொடுத்தது. டிசம்பர் 12 முதல் 29 வரை. மாணவர்கள் கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போய்விட, அவர்களுடைய விடுதி அறைகளில் சுமார் 70 நாடுகளிலிருந்து வந்த 470-க்கும் மேற்பட்டவர்கள் தங்கினார்கள். போரில் மோதிக்கொண்டிருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள் அங்கே ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஜனவரியில் திரும்பி வந்து தன் கட்டிலில் படுத்த மாணவனுக்கு, அதில் சில நாள் முன்புவரை எந்த நாட்டுக்காரர் படுத்திருந்தார் என்ற யோசனை வராமல் இருந்திருக்குமா!

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த லீவில் இன்னொரு கல்லூரிக்குப் போய்வந்தவர்களும், யாரையாவது வீட்டுக்கு அழைத்துப் போனவர்களும் எங்களுக்கு எழுதுங்கள். பிப்ரவரி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஜனவரி 10-க்குள் வந்து சேர வேண்டும். "கர்த்தர் எங்களை மகிமையாக நடத்தினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நடத்தினார் என்பதை நம்புகிறேன். எந்த மரத்தடியில் கூடினீர்கள், மெஸ்ஸில் அன்று என்ன போட்டார்கள், அறைத்தோழி என்ன சொன்னாள், வார்டன் எத்தனை மணிக்கு விரட்டினார், அதையெல்லாம் எழுதுங்கள். தோழிகளின் பெயரை மட்டும் அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.


உங்கள் அக்கா,
ஆசிரியர்